மரத்தரை போடுமுன் ஈரத்தைப் பாருங்கள்

கேள்வி: திருநகரில் எங்களுக்குச் சொந்த வீடு. 1994இல் கட்டியது. அமெரிக்காவில் டாலஸில் வேலை பார்க்கும் மகன் வருகிற தை மாதம் மனைவி, குழந்தையோடு மதுரைக்கே திரும்பி வருகிறான். மாடி ஹாலை 'டிரைவால்' (ஜிப்சம் போர்டுத் தடுப்பு) வைத்து இரண்டு அறையாகத் தடுக்க வேண்டும், கீழ் ஹாலில் மொசைக்குக்கு மேல் 'ஹார்ட்வுட்' தரை போட வேண்டும் என்று சொல்கிறான். மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் தடுப்புக்குச் சதுரடி 95 ரூபாய் என்கிறார். இன்னொருவர் 150 என்கிறார். மூன்றாமவர் இரண்டு வேலைக்கும் சேர்த்து மொத்தமாக 2,40,000 ரூபாய், அதில் 70 சதவீதம் முன்பணம் என்கிறார். தடுப்பு 14 அடி நீளம், 10 அடி உயரம். கீழ் ஹால் 14க்கு 18 அடி. மழைக்காலத்தில் கீழ் ஹால் சுவரில் ஒரு முழ உயரத்துக்குப் பெயிண்ட் உரிந்து வெள்ளையாகப் பூக்கிறது. என் வீட்டுக்காரருக்கு இளைப்பு உண்டு. யாரிடம் வேலையைக் கொடுக்கலாம்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள அம்மா,

யாரிடம் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த ஒரு முழ உயரப் பெயிண்ட்தான். அதற்குக் காரணம் தெரியாமல் கீழ் ஹாலில் மரத்தரைக்கு ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எவ்வளவு நல்ல ஆசாரி வந்து போட்டாலும், அடியில் ஓதம் இருக்கிற தளத்தில் மரம் நிற்காது. பலகை உப்பும், ஓரம் தூக்கும், கரையான் வரும். அப்புறம் வேலை செய்தவர் தளத்தைக் குறை சொல்வார், நீங்கள் அவரைக் குறை சொல்வீர்கள்.

வெள்ளையாகப் பூப்பது சுவருக்குள் ஏறும் தண்ணீர் கொண்டு வருகிற உப்பு. ஹாலின் எல்லாச் சுவரிலும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு இருந்தால் அது மண்ணிலிருந்து மேலேறும் ஓதம். ஒரே ஒரு சுவரில், அதுவும் பின்பக்கம் பாத்ரூமோ தண்ணீர்க் குழாயோ இருக்கிற சுவரில் மட்டும் இருந்தால் குழாய்க் கசிவாக இருக்கலாம். அதற்குப் பிளம்பரைக் கூப்பிட்டால் போதும். திருநகர் போன்ற பழைய குடியிருப்புகளில் இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு கொஞ்சம் உயர்கிறது, வீடு பள்ளத்துக்குப் போகிறது. வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள். ஹாலின் தரை மட்டத்துக்கும் வெளியே இருக்கிற மண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம்? சுவரை ஒட்டிச் செடிப் பாத்தி இருக்கிறதா? மழைத்தண்ணீர் வடியாமல் சுவரோரம் தேங்குகிறதா? பல வீடுகளில் பாத்தியை எடுத்துவிட்டு, சுவரோரம் வெளிச்சரிவாகக் கான்கிரீட் போட்டதுமே பாதி ஓதம் குறைந்திருக்கிறது. மீதிக்கு, ஊறிய பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரின் அடியில் துளை போட்டு ஈரத்தடுப்பு மருந்து ஏற்றி, மறுபடி பூச வேண்டும். அது கொத்தனார் வேலை. மரத்தரைக்காரரிடம் கொடுக்கிற வேலை இல்லை.

யாராவது ஒருவர், "அம்மா, அந்தச் சுவர் மேலேயும் ஜிப்சம் போர்டு அடித்து மறைத்துவிடலாம்" என்று சொல்லக்கூடும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போர்டின் மேலே ஒட்டியிருப்பது காகிதம். ஈரச் சுவரை ஒட்டி அதை வைத்தால் பூஞ்சை பிடிக்கும், இளைப்பு இருக்கிறவர் உள்ள வீட்டுக்கு அது கேடு. ஓதமும் அப்படியேதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

தரையைச் சோதிக்க நீங்களே ஒரு வேலை செய்யலாம். இரண்டடிக்கு இரண்டடி கெட்டியான பாலிதீன் தாள் எடுத்து, மொசைக் மேல் விரித்து, நான்கு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ, மொசைக் கறுத்திருந்தாலோ கீழிருந்து ஈரம் வருகிறது. இப்போது ஆவணியில் ஒரு முறை செய்யுங்கள். ஐப்பசியில் நாலு நாள் அடைமழை பெய்த பிறகு இன்னொரு முறை செய்யுங்கள். எனக்கு முக்கியம் அந்த இரண்டாவது சோதனைதான். மதுரைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. அதில் தேறிய தரையை நம்பலாம்.

தேறாவிட்டால் என்ன செய்வது? என் யோசனையை இப்போதே சொல்லிவிடுகிறேன். தேறினாலும் இதையே ஒரு முறை யோசியுங்கள். மரத்தரையை மாடிக்குக் கொண்டுபோங்கள். தடுத்த பிறகு மகன் குடும்பம் படுக்கப்போகிற அறைக்குப் போடுங்கள். அங்கே அடியில் மண் இல்லை, ஓதப் பிரச்சினை இல்லை. பரப்பு குறைவு, செலவும் குறைவு. கீழ் ஹாலில் செருப்பு மண், பூஜைத் தண்ணீர், குழந்தை கொட்டுகிற பால், வெள்ளிக்கிழமை வீடு கழுவுதல் எல்லாம் இருக்கும். மரத்தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவ முடியாது, நன்றாகப் பிழிந்த துணியால்தான் துடைக்க முடியும். முப்பது வருடம் உழைத்த மொசைக்கை மெஷின் வைத்து ஒரு முறை தேய்த்துப் பாலிஷ் போட்டால் புதிது போல வரும். அதை மூடி மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

மகனிடமும் ஒன்று சொல்லுங்கள். அவர் டாலஸில் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் மரச்சட்டத்தில்தான் சுவரே நிற்கும். அதன் இரண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் அட்டை அடிப்பார்கள். தரையில் ஒட்டுப்பலகை அடித்து அதன் மேல் மரப்பலகையை ஆணியடிப்பது அங்கே பரவலான முறை. நம் வீடு செங்கல், கான்கிரீட். கெட்டி மரப்பலகையைக் கான்கிரீட் மேல் நேரே ஆணியடிக்க முடியாது. ஒட்டுப்பலகையோ ரீப்பரோ (மெல்லிய மரச்சட்டம்) போட்டு எழுப்ப வேண்டும். அறையின் தரை ஒன்றரை அங்குலம் போல உயரும். கதவை எல்லாம் அடியில் அறுக்க வேண்டும், வாசற்படியில் கால் தடுக்கும்.

அதனால் 'மரத்தரை' என்று ஒரே சொல்லால் விலை கேட்காதீர்கள். அந்தப் பெயரில் மூன்று வெவ்வேறு பொருள் விற்கிறார்கள். கெட்டித் தேக்கு போன்றவை முழுப் பலகை. தேய்த்துத் தேய்த்துப் பல முறை புதுப்பிக்கலாம். எஞ்சினியர்டு என்பது ஒட்டுப்பலகை மேல் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் நிஜ மரம் ஒட்டியது. வெயிலுக்கும் மழைக்கும் குறைவாகவே விரிந்து சுருங்கும், ஒன்றிரண்டு முறை தேய்க்கலாம். லேமினேட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த அட்டை மேல் மரம் போன்ற படம். அதைத் தேய்க்கவே முடியாது, மூட்டில் தண்ணீர் இறங்கினால் ஊதிவிடும். விலை மலிவு என்பதால் லேமினேட்டைக் கேவலமாகச் சொல்ல மாட்டேன். வாடகை வீட்டுக்கும் கடைக்கும் அது சரிதான். உங்கள் மாடி அறைக்கு எஞ்சினியர்டு வாங்குங்கள் என்பேன். சித்திரை வெயிலும் ஏசியும் மாறி மாறி வரும் அறைக்கு அதுதான் தாங்கும்.

இப்போது அந்த 2,40,000 ரூபாயைப் பாருங்கள். தடுப்புக்கு உத்தேசமாக ஒரு 24,000 (அந்தக் கணக்கைப் பின்னால் சொல்கிறேன்) கழித்துவிட்டால், 252 சதுரடித் தரைக்கு 2,16,000 மிஞ்சுகிறது. சதுரடிக்கு 850 ரூபாய்க்கு மேல். அந்த விலைக்கு லேமினேட் போடுவதாக இருந்தால் அநியாயம். எஞ்சினியர்டு என்றால் மேல் மரம் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். தேக்கு என்றால் எந்த ஊர்த் தேக்கு, என்ன தடிமன் என்று கேட்க வேண்டும். இது எதுவும் அவர் கொட்டேஷனில் இல்லை. மொத்தத் தொகையும் 70 சதவீதமும் மட்டும்தான் இருக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் இப்படி எழுதிய தாளுக்கு 1,68,000 ரூபாய் எடுத்துக் கொடுக்கச் சொல்ல என்னால் முடியாது.

தடுப்புக்கு வருவோம். மாடியில் செங்கல் சுவர் வைக்காமல் ஜிப்சம் வைப்பது நல்ல முடிவு. அடியில் பீம் இல்லாத இடத்தில் செங்கல் சுவரை ஏற்றுவது தளத்துக்குப் பாரம். ஜிப்சம் தடுப்பின் எடை, பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

95 ரூபாய்க்காரர் மலிவு, 150 ரூபாய்க்காரர் விலை கூடுதல் என்று நினைக்க வேண்டாம். முதலில் இருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் சதுரடி ஒரு பக்கக் கணக்கா, இரண்டு பக்கமும் சேர்த்தா?" 14 அடி நீளம், 10 அடி உயரம் என்றால் சுவர் 140 சதுரடி. இரண்டு பக்கமும் சேர்த்து 150 ரூபாய் என்றால் மொத்தம் 21,000. ஒரு பக்கத்துக்கு 95 என்றால் 280 சதுரடி ஆகிவிடும், மொத்தம் 26,600. மலிவு என்று நினைத்தவர்தான் விலை கூடுதல். கதவுத் திறப்பைக் கழிப்பார்களா, பட்டிப் பூச்சும் பெயிண்டும் சேர்த்தியா, 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா என்பதையும் அதோடு கேட்டுவிடுங்கள்.

இதைவிட நல்ல வழி, விலை கேட்பதற்கு முன் வேலையை நீங்களே ஒரு தாளில் எழுதி, மூன்று பேருக்கும் அதே தாளைக் கொடுப்பது. உங்கள் தடுப்புக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: இரண்டு பக்கமும் 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டு. துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம், அரை மில்லிமீட்டருக்குக் குறையாத தகடு. நிற்கும் சட்டங்களுக்கு இடையே இரண்டடிக்கு மேல் இடைவெளி கூடாது. கதவின் இரு பக்கமும் தனிச் சட்டம். நடுவில் ஒலி தடுக்கக் கண்ணாடிக் கம்பளி. தடுப்பு மேலே கான்கிரீட் தளம் வரை போக வேண்டும். கடைசியைக் கவனியுங்கள். ஃபால்ஸ் சீலிங் போடுவதாக இருந்தால் தடுப்பை அதோடு நிறுத்திவிடுவார்கள். மேலே திறந்திருக்கும் இடைவெளி வழியாகப் பக்கத்து அறைப் பேச்செல்லாம் கேட்கும். டிவி, அலமாரி மாட்டப்போகிற இடத்தை இப்போதே குறித்துக் கொடுங்கள். மூடுவதற்கு முன் உள்ளே ஒட்டுப்பலகை வைத்துவிட்டால் பின்னால் எதை மாட்டினாலும் தாங்கும். ஏசியைத் தடுப்பில் மாட்ட வேண்டாம், வெளிச் செங்கல் சுவரிலேயே இருக்கட்டும்.

இப்படி எழுதிக் கொடுத்தால் எண்ணிப் பார்ப்பதும் சுலபம். ஆறடிக்கு நாலடி அட்டை ஒன்று 24 சதுரடி. உங்கள் சுவருக்குக் கதவைக் கழிக்காமல் 12 அட்டை, வெட்டுக் கழிவோடு 13 அல்லது 14. வண்டியில் வந்து இறங்கும்போது நீங்களே எண்ணலாம். பாதி வழியில் "இன்னும் எட்டு அட்டை வேண்டும்" என்று யாரும் கேட்க முடியாது.

சட்டம் நிறுத்தி, வயர் பைப் ஓட்டி, ஒரு பக்கம் அட்டை அடித்த நிலையில் வேலையை ஒரு மணி நேரம் நிறுத்தி, நீங்களோ எலக்ட்ரீஷியனோ பார்க்க வேண்டும். மறுபக்கமும் மூடிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஆணியடிக்கும்போது உதவும். மேல் தளத்தில் துளை போடுமுன் அதற்குள் ஓடுகிற கரண்ட் பைப் எங்கே என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

ஜிப்சம் வேலையில் நம் பக்கம் அதிகம் கெடுவது மூட்டுதான். இரண்டு அட்டை சேரும் இடத்தில் காகித டேப் ஒட்டி, அதற்கென்று உள்ள ஜாயின்ட் காம்பவுண்டை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் காயவிட்டுப் பூச வேண்டும். அவசரக்காரர்கள் டேப் இல்லாமல் சுவர்ப் பட்டியை வைத்து ஒரே நாளில் தேய்த்துவிடுகிறார்கள். பெயிண்ட் அடித்த அன்று அழகாக இருக்கும். சில மாதத்தில் மூட்டுக்கு மூட்டு கோடு விழும். அட்டையின் அடிப்பாகம் தரையைத் தொடக் கூடாது, ஒரு சென்டிமீட்டர் தூக்கி நிறுத்த வேண்டும். தரை துடைக்கும் தண்ணீரைக் காகிதம் உறிஞ்சிவிடும். அந்த இடைவெளியைச் சுவரடியில் ஒட்டுகிற டைல் ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். மூட்டைத் தேய்க்கும்போது பறக்கிற தூசி மிக மெல்லியது. மாடிப்படி வாசலைப் பாலிதீனால் அடைத்துவிட்டு, அந்த இரண்டு மூன்று நாளும் ஐயாவை உறவினர் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

இனி ஆள். புதிதாக முடித்த வேலையை எல்லோரும் காட்டுவார்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள். மாலையில் போய், டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மூட்டு, மேடு, பள்ளம் எல்லாம் தெரிந்துவிடும். மரத்தரையில் செருப்பைக் கழற்றி நடந்து பாருங்கள். அமுங்குகிறதா, சத்தம் போடுகிறதா என்று கால் சொல்லிவிடும். அந்த வீட்டு அம்மாவிடம் தனியாக ஒன்று கேளுங்கள்: "ஏதாவது கோளாறு வந்தபோது கூப்பிட்டால் வந்தாரா?" எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அந்தப் பதில் முக்கியம். வேலை செய்பவர்கள் யார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜிப்சம் வேலைக்கு வடமாநிலத் தம்பிகள் நிறைய வருகிறார்கள், பலர் நேர்த்தியான வேலைக்காரர்கள். பேசியவர் ஒருவர், செய்கிறவர் இன்னொருவர் என்றால், தினமும் வந்து பார்க்கப்போகிற மேஸ்திரி யார் என்பது கொட்டேஷனில் பெயரோடு இருக்க வேண்டும். ஏணியில் ஏறி வேலை செய்கிறவர்களுக்கு அடிபட்டால் செலவு யாருடையது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

பணத்துக்கு நான் சொல்வது இது. போர்டு, சட்டம், மரப்பலகை எல்லாவற்றையும் உங்கள் பெயரில் பில் போட்டுக் கடையிலேயே வாங்கிவிட்டு, கூலியை மட்டும் அவரிடம் பேசுவது நல்லது. பொருளோடு சேர்த்துத்தான் செய்வேன் என்றால் முன்பணம் கால்வாசிக்கு மேல் வேண்டாம். சட்டம் நின்றதும் ஒரு பங்கு, மூட்டு முடிந்ததும் ஒரு பங்கு, பெயிண்டுக்குப் பிறகு ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்கை ஒரு மாதம் நிறுத்தி வைப்பதாக முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் சொன்னால்தான் சண்டை வரும். எல்லாம் வங்கி வழியாகவே போகட்டும். பிறகு தகராறு என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையான வேலைக்கு அங்கே கட்டணம் கிடையாது. ஆனால் பில்லும் எழுத்தும் இல்லாமல் அங்கே வாதாடுவது கடினம்.

கரையானை மறக்காதீர்கள். மரத்தரை எங்கே போட்டாலும் கீழ்த் தளத்துக்கு மருந்து வேண்டும். சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் ஓரடிக்கு ஒன்றாகத் துளை போட்டு மருந்து ஏற்றி அடைப்பார்கள். குழந்தை வருவதற்குப் பல வாரம் முன்பே செய்துவிடுங்கள்.

தை மாதம் என்று கணக்கு வைத்தால், புரட்டாசிக்குள் தடுப்பை முடித்துப் பெயிண்ட் அடித்துவிடலாம். அதற்கு முன் மொட்டை மாடியில் தட்டோடு விரிசல் விட்டிருக்கிறதா, மாடி ஹால் கூரையில் ஈரத் தடம் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். இருந்தால் அதுதான் முதல் வேலை. தரைக்கு அவசரப்பட வேண்டாம். அடைமழைக் காலத்தில் காற்றில் இருக்கிற ஈரத்தை மரம் குடித்துவிட்டு, கோடையில் சுருங்கி இடைவெளி விடும். மார்கழிக் கடைசியில் மழை விட்ட பிறகு பலகைப் பெட்டிகளை அறைக்குள் கொண்டுவந்து, இரண்டு நாள் அப்படியே வைத்துவிட்டு அப்புறம் போடச் சொல்லுங்கள். சுவரோரம் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விடுவார்கள். அது மரம் விரிவதற்கு. ஸ்கர்ட்டிங் அதை மறைக்கும். சிமென்டோ வேறெதுவோ வைத்து அடைக்க விடாதீர்கள். கனமான இரும்பு பீரோவை அந்த அறையில் வைக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. தைக்குள் முடியாவிட்டால் மகன் வந்த பிறகு மாசியில் போட்டுக்கொள்ளலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

உங்கள் மூவரில், நான் சொன்ன தாளைக் கொடுத்ததும் வரிக்கு வரி பதில் எழுதித் தருகிறவரிடம் தடுப்பு வேலையைக் கொடுங்கள். அவர் 150 ரூபாய்க்காரராக இருந்தாலும் பரவாயில்லை. தரையை அவரிடமே கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, இரண்டும் வேறு வேறு கைவேலை. தரைக்குப் பலகை வாங்கும்போது பரப்புக்கு மேல் ஐந்து முதல் பத்து சதவீதம் கூடுதலாக வாங்குவது வழக்கம். மீந்த பலகையை வேலைக்காரர்கள் எடுத்துப்போக விடாமல் ஒரு பெட்டியாவது பரணில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு பலகை கெட்டால் அதே நிறம் கடையில் கிடைக்காது.